வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்ய எந்த முறை? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

சமன் செய்வதற்குப் பாடத்தில் ஒன்றுக்கு நான்கு முறைகள் வருகின்றன: பார்த்துப் பார்த்து எண்ணைப் போடுவது, இயற்கணிதம், ஆக்சிஜனேற்ற எண், அயனி-எலக்ட்ரான். எல்லாமே சரியான விடைக்குத்தான் கொண்டுபோகும் என்ற நம்பிக்கையில் பலரும் தமக்குப் பழகிய ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லா வினைக்கும் அதையே போடுகிறார்கள். அந்த நம்பிக்கை முழுக்க உண்மையல்ல. இரு பக்கமும் எல்லா அணுக்களும் சரியாக எண்ணப்பட்டு, மின்சுமையும் சரியாக இருந்து, ஆனாலும் தவறான சமன்பாடுகள் உண்டு. அந்தத் தவறு தாளில் தெரியாது. பியூரெட்டில் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் குழாயில்) அளந்து கணக்குப் போடும்போது விடை ஐந்து மடங்கு விலகி நிற்கும்போதுதான் தெரியும். எந்த முறையை எப்போது எடுப்பது என்பதற்கு வேகத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் போதாது என்பதற்கு இதுவே காரணம்.

கீழே பொருள்களைப் பெயராலேயே எழுதி, தேவைப்படும் இடத்தில் அணுக்கணக்கையும் சொல்லியிருக்கிறோம். பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு குறியீட்டில் எழுதியபடியே வாசித்தால் நன்றாகப் பதியும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, சமன்பாடு எதற்குத் தேவை என்பது. வினையை எழுதிக் காட்ட மட்டும்தானா, இல்லை அதை வைத்து எடை போட்டுப் பொருளை எடுக்கப் போகிறோமா? இரண்டாவது என்றால் மோல் விகிதம் (பொருள்கள் எந்த எண்ணிக்கை விகிதத்தில் சேர்கின்றன என்பது) ஒன்றே ஒன்றாக, உண்மையில் நடக்கும் வினையின் விகிதமாக இருக்க வேண்டும். அதற்கு அடுத்தபடியாக, எழுதிய வினையில் அயனிகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இருந்தால் முறை மின்சுமையைக் கணக்கில் எடுக்கிறதா என்பது முக்கியமாகிவிடும். நமக்கு என்ன தெரியும் என்பதும் ஓர் அளவுகோல்தான். சில முறைகளுக்குப் பொருள்களின் பட்டியல் போதும்; சிலவற்றுக்கு ஆக்சிஜனேற்ற எண் (சேர்மத்தில் ஓர் அணு எத்தனை எலக்ட்ரானை இழந்ததாக அல்லது ஏற்றதாகக் கொள்கிறோம் என்பது) தெரிய வேண்டும்; சிலவற்றுக்கு ஊடகம் அமிலமா காரமா என்று தெரிய வேண்டும். கடைசியாக, நடுவில் தவறு செய்தால் அந்த முறையே அதைக் காட்டிக்கொடுக்குமா என்பது. நேரத்தை இவற்றுக்குப் பிறகே சேர்க்கலாம்.

| முறை | நன்றாகப் பொருந்துவது | முன்பே தெரிய வேண்டியது | மின்சுமை | ஏமாற்றும் இடம் |
|---|---|---|---|---|
| பார்த்துச் சமன் செய்தல் | எரிதல், சேர்க்கை, இரட்டை இடப்பெயர்ச்சி (இரு சேர்மங்கள் தம் பகுதிகளை மாற்றிக்கொள்வது) | சரியான வாய்பாடுகள் மட்டும் | தானாக வராது | ஒரே தனிமம் பல பொருள்களில் பிரியும்போது |
| இயற்கணிதம் | பொருள்கள் அதிகம், வினையின் இயல்பு தெரியாதபோது | எல்லா வினைபடு, வினைவிளை பொருள்களும் | தனி வரியாகச் சேர்த்தால் வரும் | பல விடைகள் சாத்தியமான வினைகள் |
| ஆக்சிஜனேற்ற எண் | முழு வாய்பாடாக எழுதிய ஆக்சிஜனேற்ற-ஒடுக்க வினைகள் (எலக்ட்ரான் கைமாறுபவை) | ஆக்சிஜனேற்ற எண்கள் | மறைமுகமாக | மாறாமல் நிற்கும் பகுதியை மறப்பது, மூலக்கூறில் உள்ள அணு எண்ணிக்கை |
| அயனி-எலக்ட்ரான் | கரைசலில் நடக்கும் ஆக்சிஜனேற்ற-ஒடுக்க வினைகள் | ஊடகம், எது எதுவாக மாறுகிறது | ஒவ்வொரு படியிலும் | கடைசியில் பார்வையாளர் அயனிகளை (வினையில் மாறாமல் நிற்பவற்றை) சேர்க்க மறப்பது |

எந்த முறையானாலும் பொதுவான விதி ஒன்று: மாற்றக்கூடியது முன்னால் நிற்கும் குணகம் மட்டும். வாய்பாட்டுக்குள் கீழே சிறிதாக நிற்கும் எண்ணைத் தொட்டால் பொருளே வேறாகிவிடும். நீரில் ஓர் ஆக்சிஜன் குறைகிறதே என்று அதன் கீழே 2 போட்டால் கணக்கு நேராகும். ஆனால் அது நீர் அல்ல, ஹைட்ரஜன் பெராக்சைடு.

## பார்த்துச் சமன் செய்தல்

எளிய வினைகளுக்கு இதைவிட வேகமானது இல்லை. ஆனால் எங்கே தொடங்குவது என்ற ஒழுங்கு இல்லாமல் போட்டால் இதுவே நேரத்தைத் தின்னும். ஒழுங்கு இது: அதிக அணுக்கள் கொண்ட பொருளை முதலில் 1 என்று வையுங்கள். இரு பக்கமும் ஒரே ஒரு பொருளில் மட்டும் வரும் தனிமத்தை முதலில் முடியுங்கள். தனித் தனிமமாக நிற்கும் பொருளை (ஆக்சிஜன் வாயு போன்றதை) கடைசிக்கு விடுங்கள். அதன் குணகத்தை மாற்றினால் வேறெதுவும் கலையாது.

பியூட்டேன் எரிவதைப் பாருங்கள். பியூட்டேனில் கார்பன் 4, ஹைட்ரஜன் 10. அதை 1 என்று வைத்தால் கார்பன் டைஆக்சைடு 4, நீர் 5. வலப்பக்கம் ஆக்சிஜன் 8 + 5 = 13 அணு, அதாவது ஆறரை மூலக்கூறு. இந்த இடத்தில் பின்னத்தைக் கண்டு பயந்து முதலிலிருந்து அழிக்கிறவர்கள் பலர். அழிக்க வேண்டியதில்லை; ஆறரையை எழுதிவிட்டு எல்லாவற்றையும் இரண்டால் பெருக்குங்கள்:

2 பியூட்டேன் + 13 ஆக்சிஜன் → 8 கார்பன் டைஆக்சைடு + 10 நீர்

இரட்டை இடப்பெயர்ச்சியில் சல்பேட், ஹைட்ராக்சைடு போன்ற தொகுதிகள் உடையாமல் மறுபக்கம் போனால் அவற்றை ஒரே அலகாக எண்ணலாம். அலுமினியம் சல்பேட்டும் கால்சியம் ஹைட்ராக்சைடும் சேரும்போது சல்பேட் 3, ஹைட்ராக்சைடு 6 என்று எண்ணினால் இரண்டே படிதான்: 1 அலுமினியம் சல்பேட் + 3 கால்சியம் ஹைட்ராக்சைடு → 2 அலுமினியம் ஹைட்ராக்சைடு + 3 கால்சியம் சல்பேட். ஆக்சிஜனைத் தனியாக எண்ணப் போனால் இரண்டு தொகுதிகளிலும் அது இருப்பதால் வீணாகக் குழம்பும்.

இந்த முறை எங்கே உடைகிறது? தாமிரமும் நீர்த்த நைட்ரிக் அமிலமும். அமிலத்தில் இருக்கும் நைட்ரஜனில் ஒரு பங்கு நைட்ரிக் ஆக்சைடு வாயுவாக வெளியேறுகிறது. மீதி தாமிர நைட்ரேட்டாகக் கரைசலிலேயே நிற்கிறது. ஒரே தனிமம் இரண்டாகப் பிரிகிறது; எந்தப் பங்கு எவ்வளவு என்று பார்வையில் தெரியாது. நைட்ரஜனைச் சரிசெய்தால் ஆக்சிஜன் கலையும், அதைச் சரிசெய்தால் ஹைட்ரஜன் கலையும். இரண்டு சுற்றில் முடியாவிட்டால் விட்டுவிட்டு வேறு முறைக்குப் போய்விடுங்கள். மூன்றாவது சுற்றில் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஊகம்தான்.

அயனிகளை எழுதிய சமன்பாட்டில் இதன் மறைமுகச் செலவு இன்னும் அதிகம். தாமிர உலோகம் வெள்ளி அயனிக் கரைசலில் இறங்கும்போது தாமிரம் 1, வெள்ளி 1 என்று அணுக்கள் அப்படியே சமம். எண்ணி முடித்துத் திருப்தியோடு நகர்ந்துவிடுவோம். ஆனால் இடப்பக்கம் மின்சுமை +1, வலப்பக்கம் +2. சரியானது: 1 தாமிரம் + 2 வெள்ளி அயனி → 1 தாமிர அயனி + 2 வெள்ளி. இதை வைத்து 1.00 கிராம் தாமிரத்துக்கு எவ்வளவு வெள்ளி படியும் என்று கணக்கிட்டால் 3.39 கிராம், சமன் போலத் தோன்றிய முதல் வரியில் கணக்கிட்டால் 1.70 கிராம். சரிபாதி காணாமல் போகிறது.

## இயற்கணித முறை

ஒவ்வொரு பொருளின் குணகத்துக்கும் ஓர் எழுத்து. ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு வரி. வேதியியல் அறிவு குறைவாகத் தேவைப்படும் முறை இதுதான். கணக்கு தெரிந்தால் போதும். இரும்பு பைரைட் (இரும்பு 1, கந்தகம் 2) காற்றில் வறுபட்டு இரும்பு(3) ஆக்சைடும் (இரும்பு 2, ஆக்சிஜன் 3) கந்தக டைஆக்சைடும் தருகிறது. பைரைட்டுக்கு அ, ஆக்சிஜனுக்கு ஆ, இரும்பு ஆக்சைடுக்கு இ, கந்தக டைஆக்சைடுக்கு ஈ என்று வைத்தால்:

இரும்பு: அ = 2 × இ
கந்தகம்: 2 × அ = ஈ
ஆக்சிஜன்: 2 × ஆ = (3 × இ) + (2 × ஈ)

இ = 1 என்று வையுங்கள். அ = 2, ஈ = 4, 2 × ஆ = 3 + 8 = 11, ஆகவே ஆ ஐந்தரை. இரட்டித்தால் 4 பைரைட் + 11 ஆக்சிஜன் → 2 இரும்பு ஆக்சைடு + 8 கந்தக டைஆக்சைடு. தடுமாற்றமே இல்லை.

அயனிகள் இருந்தால் மின்சுமைக்கும் ஒரு வரி எழுத வேண்டும். இதை விட்டுவிடுவதுதான் இந்த முறையில் அடிக்கடி நடக்கும் தவறு. மேலே சொன்ன தாமிரம்-வெள்ளி வினையில் மின்சுமை வரி இல்லாவிட்டால் விடை ஒன்றாக வராமல் எண்ணற்றதாகிவிடும்.

ஆனால் மின்சுமை வரியைச் சேர்த்த பிறகும் விடை ஒன்றே ஒன்றாக வராத வினைகள் இருக்கின்றன. அதற்குத் தொடங்கும் முன்பே ஒரு சோதனை உண்டு: பொருள்களின் எண்ணிக்கையிலிருந்து, ஒன்றையொன்று சாராத வரிகளின் எண்ணிக்கையைக் கழியுங்கள். மீதி 1 என்றால் விடை ஒன்றே (எல்லாவற்றையும் ஒரே எண்ணால் பெருக்குவதைத் தவிர). மீதி 2 அல்லது அதற்கு மேல் என்றால் இயற்கணிதம் தரும் எந்த விடையையும் நம்பக் கூடாது.

இதற்கு நல்ல உதாரணம் அமிலக் கரைசலில் பெர்மாங்கனேட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும். பொருள்கள் ஆறு: பெர்மாங்கனேட் அயனி, பெராக்சைடு, ஹைட்ரஜன் அயனி, மாங்கனீசு(2+) அயனி, ஆக்சிஜன், நீர். வரிகள் நான்கு: மாங்கனீசு, ஆக்சிஜன், ஹைட்ரஜன், மின்சுமை. மீதி 2. கீழே உள்ள மூன்றையும் நீங்களே எண்ணிப் பாருங்கள். மூன்றிலும் அணுக்கள் சமம், மின்சுமை இரு பக்கமும் +4:

- 2 பெர்மாங்கனேட் + 1 பெராக்சைடு + 6 ஹைட்ரஜன் அயனி → 2 மாங்கனீசு அயனி + 3 ஆக்சிஜன் + 4 நீர்
- 2 பெர்மாங்கனேட் + 3 பெராக்சைடு + 6 ஹைட்ரஜன் அயனி → 2 மாங்கனீசு அயனி + 4 ஆக்சிஜன் + 6 நீர்
- 2 பெர்மாங்கனேட் + 5 பெராக்சைடு + 6 ஹைட்ரஜன் அயனி → 2 மாங்கனீசு அயனி + 5 ஆக்சிஜன் + 8 நீர்

ஒன்றிலிருந்து அடுத்ததைக் கழித்தால் காரணம் புரியும். வித்தியாசம் எப்போதும் 2 பெராக்சைடு → 2 நீர் + 1 ஆக்சிஜன். பெராக்சைடு தானாகவே சிதையும் வினை அது. அதை எத்தனை முறை கூட்டினாலும் கழித்தாலும் அணுக்கணக்கு கெடாது. இயற்கணிதத்துக்கு அணுக்களும் மின்சுமையும்தான் தெரியும். எந்த அணு எலக்ட்ரானைக் கொடுத்தது என்று தெரியாது. உண்மையில் வெளிவரும் ஆக்சிஜன் வாயு முழுவதும் பெராக்சைடிலிருந்தே வருகிறது. பெர்மாங்கனேட்டின் ஆக்சிஜன் நீராகிப் போகிறது. ஒரு பெராக்சைடு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைத் தரும் என்றால் பெராக்சைடின் குணகமும் ஆக்சிஜனின் குணகமும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றாவது சமன்பாட்டில் மட்டுமே அப்படி இருக்கிறது.

இது தாளோடு நிற்கும் வேறுபாடு இல்லை. 0.0200 மோலார் பெர்மாங்கனேட் 20.00 மில்லிலிட்டர் செலவாகியிருந்தால் அது 0.400 மில்லிமோல். சரியான 2க்கு 5 விகிதத்தில் பெராக்சைடு 1.00 மில்லிமோல், அதாவது 34.0 மில்லிகிராம். 2க்கு 3 என்று எடுத்தால் 20.4 மில்லிகிராம். 2க்கு 1 என்றால் 6.8 மில்லிகிராம். அளந்தது ஒன்றே, சமன்பாட்டைப் பொறுத்து விடை ஐந்து மடங்கு வரை மாறுகிறது.

இணையத்தில் கிடைக்கும் சமன்பாட்டுக் கருவிகளின் உள்ளே இருப்பதும் பெரும்பாலும் இந்த இயற்கணிதமே. மீதி 1 ஆக இருக்கும் வினைகளுக்கு அவற்றை நம்பலாம். மீதி 2 என்றால் கருவி காட்டும் ஒரே விடையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

## ஆக்சிஜனேற்ற எண் முறை

எலக்ட்ரான் இழப்பும் ஏற்பும் சமமாக வேண்டும் என்ற ஒரே கொள்கை. முழு வாய்பாடாக எழுதிய சமன்பாட்டை அயனிகளாக உடைக்காமலே முடிக்கலாம் என்பது இதன் பெரிய வசதி. மேலே பார்வைக்கு அகப்படாத தாமிரம்-நைட்ரிக் அமில வினைக்கு இதுவே சரியான கருவி.

தாமிரம் 0 இலிருந்து +2: இழப்பு 2. நைட்ரஜன் +5 இலிருந்து +2: ஏற்பு 3. ஆகவே தாமிரம் 3, நைட்ரிக் ஆக்சைடு 2. இதோடு நிறுத்திவிட்டு அமிலத்துக்கும் 2 போடுவதுதான் பலர் விழும் குழி. மூன்று தாமிர நைட்ரேட்டுக்கு ஆறு நைட்ரேட் வேண்டும். அவை ஆக்சிஜனேற்ற எண் மாறாமல் அமிலத்திலிருந்தே வருகின்றன. 2 + 6 = 8:

3 தாமிரம் + 8 நைட்ரிக் அமிலம் → 3 தாமிர நைட்ரேட் + 2 நைட்ரிக் ஆக்சைடு + 4 நீர்

ஆக்சிஜனை எண்ணினால் இடப்பக்கம் 24; வலப்பக்கம் 18 + 2 + 4 = 24. ஆக்சிஜனைக் கடைசி வரை தொடாமல் விட்டுச் சரிபார்ப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது தானாக ஒத்துவந்தால் இதுவரை போட்டது சரி. அடர் நைட்ரிக் அமிலமாக இருந்தால் வெளிவருவது நைட்ரஜன் டைஆக்சைடு, ஏற்பு 1 மட்டுமே; அப்போது சமன்பாடு 1 தாமிரம் + 4 அமிலம் → 1 தாமிர நைட்ரேட் + 2 நைட்ரஜன் டைஆக்சைடு + 2 நீர் என்று ஆகிவிடும். அமிலத்தின் அடர்வைக் கேட்காமல் சமன் செய்யத் தொடங்கக் கூடாது.

இரண்டாவது குழி, மூலக்கூறில் எத்தனை அணு மாறுகிறது என்பதை மறப்பது. டைகுரோமேட்டில் குரோமியம் +6 இலிருந்து +3 ஆகிறது. ஏற்பு 3 என்று எழுதிவிடுகிறார்கள். அதில் இரண்டு குரோமியம். ஒரு டைகுரோமேட்டுக்கு ஏற்பு 6.

ஆக்சிஜனேற்ற எண் சரியாகத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஓர் ஆறுதல். பைரைட்டில் இரும்பு +2, கந்தகம் −1. இந்த −1 தெரியாமல் கந்தகத்துக்கு வழக்கமான −2 போட்டு, இரும்பை +4 என்று எடுத்தவரின் கணக்கைப் பாருங்கள். சரியான எண்களில் இரும்பு 1 இழக்கிறது, இரண்டு கந்தகமும் 5 வீதம் 10 இழக்கின்றன, மொத்தம் 11. தவறான எண்களில் இரும்பு +4 இலிருந்து +3 க்கு இறங்கி 1 ஏற்கிறது, கந்தகம் 6 வீதம் 12 இழக்கிறது. மொத்தம் அதே 11. ஆக்சிஜன் மூலக்கூறு ஏற்பது 4, ஆகவே 4க்கு 11, இயற்கணிதம் தந்த அதே விகிதம். ஒரு சேர்மத்தில் எண்களின் கூட்டுத்தொகை சரியாக இருந்து, மாறும் எல்லா அணுக்களையும் சேர்த்துக்கொண்டால் உள்பங்கீடு எப்படி இருந்தாலும் விடை மாறாது. ஆக்சிஜனேற்ற எண் ஒரு கணக்குப் பதிவு முறை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை.

ஒரே தனிமம் ஏறவும் இறங்கவும் செய்யும் விகிதச்சிதைவு வினைகளில் வலப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். சூடான அடர் காரத்தில் குளோரின் குளோரைடாகவும் (ஏற்பு 1) குளோரேட்டாகவும் (இழப்பு 5) பிரிகிறது. குளோரைடு 5, குளோரேட் 1 என்று வலப்பக்கம் முதலில் போட்டுவிட்டால் இடப்பக்கம் 3 குளோரின் தானாக வரும்: 3 குளோரின் + 6 ஹைட்ராக்சைடு → 5 குளோரைடு + 1 குளோரேட் + 3 நீர். இடப்பக்கத்திலிருந்து தொடங்கினால் குளோரினுக்கு ஒரே நேரத்தில் இரண்டு குணகம் போட வேண்டியிருக்கும்.

## அயனி-எலக்ட்ரான் முறை

கரைசலில் நடக்கும் ஆக்சிஜனேற்ற-ஒடுக்க வினைக்கு, அதுவும் தரம்பார்த்தலுக்காக (தெரிந்த அடர்வுள்ள கரைசல் எவ்வளவு செலவாகிறது என்று பார்த்து மற்றதன் அளவைக் கண்டறிவதற்காக) சமன்பாடு தேவைப்பட்டால், மற்ற மூன்றையும் விட்டுவிட்டு இதையே எடுக்கச் சொல்வோம். எழுத்து வேலை அதிகம்தான். ஆனால் ஒவ்வொரு அரைவினையும் (எலக்ட்ரான் இழப்பை மட்டும் அல்லது ஏற்பை மட்டும் காட்டும் பாதிச் சமன்பாடும்) தனித்தனியே சரிபார்க்கத் தக்கது. தவறு எந்த வரியில் என்று உடனே தெரியும். ஆக்சிஜனேற்ற எண்ணே தெரியாமலும் செய்யலாம்.

அமில ஊடகத்தில் வரிசை: மாறும் தனிமத்தை முதலில் சமன் செய்யுங்கள், ஆக்சிஜன் குறையும் பக்கம் நீரைச் சேருங்கள், ஹைட்ரஜன் குறையும் பக்கம் ஹைட்ரஜன் அயனியைச் சேருங்கள், கடைசியாக மின்சுமையை எலக்ட்ரானால் நேர்செய்யுங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது. எலக்ட்ரானை முதலில் போட்டால் பிறகு சேர்க்கும் ஹைட்ரஜன் அயனி மின்சுமையைக் கலைத்துவிடும்.

டைகுரோமேட்: குரோமியம் இரண்டும் சமமாகட்டும். ஆக்சிஜன் 7, ஆகவே வலப்பக்கம் 7 நீர். அதற்கு இடப்பக்கம் 14 ஹைட்ரஜன் அயனி. மின்சுமை இடப்பக்கம் −2 + 14 = +12, வலப்பக்கம் +6; இடப்பக்கம் 6 எலக்ட்ரான். இரும்பு(2+) ஓர் எலக்ட்ரானை விட்டு இரும்பு(3+) ஆகிறது. இரும்பு வரியை ஆறால் பெருக்கிக் கூட்டினால்:

1 டைகுரோமேட் + 14 ஹைட்ரஜன் அயனி + 6 இரும்பு(2+) → 2 குரோமியம்(3+) + 6 இரும்பு(3+) + 7 நீர்

மின்சுமை இரு பக்கமும் +24.

பெராக்சைடுக்கு வாருங்கள். பெராக்சைடு → ஆக்சிஜன் + 2 ஹைட்ரஜன் அயனி + 2 எலக்ட்ரான்; பெர்மாங்கனேட் + 8 ஹைட்ரஜன் அயனி + 5 எலக்ட்ரான் → மாங்கனீசு(2+) + 4 நீர். முதலாவது ஐந்தால், இரண்டாவது இரண்டால். 16 ஹைட்ரஜன் அயனியில் 10 கழிந்து 6 மீதி. இயற்கணிதத்தில் எண்ணற்ற விடை தந்த வினை இங்கே 2க்கு 5 என்ற ஒரே விடையோடு நிற்கிறது. காரணம், ஆக்சிஜன் வாயு பெராக்சைடிலிருந்து வருகிறது என்ற வேதிச் செய்தியை அரைவினையை எழுதும்போதே உள்ளே கொடுத்துவிட்டோம்.

கார ஊடகத்துக்கு வேறு விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அமிலமாகவே முடித்துவிட்டு, மிஞ்சிய ஹைட்ரஜன் அயனி எத்தனையோ அத்தனை ஹைட்ராக்சைடை இரு பக்கமும் சேர்த்து, சேர்ந்தவற்றை நீராக்கி, பொதுவான நீரை அடித்துவிடுங்கள். லேசான காரத்தில் பெர்மாங்கனேட்டும் சல்பைட்டும் இப்படி வரும்: 2 பெர்மாங்கனேட் + 3 சல்பைட் + 1 நீர் → 2 மாங்கனீசு டைஆக்சைடு + 3 சல்பேட் + 2 ஹைட்ராக்சைடு. விடையில் ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடும் ஒரே சமன்பாட்டில் இருந்தால் எங்கோ தவறு என்று அர்த்தம்.

ஊடகம் தெரியாமல் இந்த முறையில் ஓரடியும் நகர முடியாது. அது குறை போலத் தோன்றும். உண்மையில் அது நம்மைக் காப்பாற்றுகிறது. ஒரே பெர்மாங்கனேட் வலுவான அமிலத்தில் 5 எலக்ட்ரான் ஏற்று மாங்கனீசு(2+) ஆகிறது. நடுநிலையில் அல்லது லேசான காரத்தில் 3 ஏற்றுப் பழுப்பு மாங்கனீசு டைஆக்சைடு ஆகிறது. மிக வலுவான காரத்தில் 1 மட்டும் ஏற்றுப் பச்சை மாங்கனேட் ஆகிறது. தரம்பார்த்தலில் அமிலம் போதாமல் பழுப்பு வீழ்படிவு தெரிந்தால், தாளில் எழுதிய சமன்பாடு குடுவையில் நடக்கவில்லை. அந்த அளவீட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கரிமச் சேர்மங்களிலும் இதுவே எளிது. எத்தனாலில் ஒவ்வொரு கார்பனுக்கும் ஆக்சிஜனேற்ற எண் தேடுவதைவிட, எத்தனால் + 1 நீர் → அசிட்டிக் அமிலம் + 4 ஹைட்ரஜன் அயனி + 4 எலக்ட்ரான் என்று எழுதிவிடலாம். டைகுரோமேட்டோடு சேர்த்தால் 3 எத்தனால் + 2 டைகுரோமேட் + 16 ஹைட்ரஜன் அயனி → 3 அசிட்டிக் அமிலம் + 4 குரோமியம்(3+) + 11 நீர்.

இதன் மறைமுகச் செலவு கடைசியில் வருகிறது. அயனிச் சமன்பாட்டை வைத்து எடை போட முடியாது. தராசில் வைப்பது டைகுரோமேட் அயனியை அல்ல, பொட்டாசியம் டைகுரோமேட்டை. பார்வையாளர் அயனிகளைத் திரும்பச் சேர்த்து முழுமையாக்க வேண்டும்: 1 பொட்டாசியம் டைகுரோமேட் + 6 இரும்பு(2) சல்பேட் + 7 கந்தக அமிலம் → 1 குரோமியம் சல்பேட் + 3 இரும்பு(3) சல்பேட் + 1 பொட்டாசியம் சல்பேட் + 7 நீர். சல்பேட்டை எண்ணுங்கள்: இரு பக்கமும் 13.

## எந்த முறையும் கைகொடுக்காத இடம்

கார்பன் எரிந்து கார்பன் மோனாக்சைடும் கார்பன் டைஆக்சைடும் சேர்ந்தே வருகின்றன. பொருள்கள் நான்கு, வரிகள் இரண்டு. இங்கே அரைவினைகளும் உதவாது. காரணம் முறையின் குறை இல்லை. இரண்டு வினைகள் அருகருகே நடக்கின்றன, எது எவ்வளவு என்பது வெப்பநிலையையும் ஆக்சிஜன் வரத்தையும் பொறுத்தது. இரண்டு சமன்பாடுகளாகத் தனித்தனியே எழுதி, வாயுக்களை அளந்துதான் பங்கைச் சொல்ல முடியும்.

## சமன் செய்த பிறகு: மோல் வழியா, நிறை விகிதமா, கன அளவா

சமன்பாடு கைக்கு வந்ததும் அடுத்த தேர்வு இது. எப்போதும் பாதுகாப்பானது மோல் வழி: கிராமை மோலார் நிறையால் வகுத்து மோலாக்கி, குணக விகிதத்தால் பெருக்கி, மறுபடி கிராமாக்குவது. 2.00 கிராம் இரும்பு(2) சல்பேட் படிகத்துக்கு எவ்வளவு பொட்டாசியம் டைகுரோமேட்? படிகத்தில் ஏழு நீர் மூலக்கூறுகள் உண்டு, மோலார் நிறை 278.01. 2.00 ÷ 278.01 = 0.00719 மோல், ஆறில் ஒரு பங்கு 0.00120, 294.18 ஆல் பெருக்கினால் 0.353 கிராம். படிக நீரை மறந்து 151.91 ஐப் போட்டால் 0.646 கிராம் வரும். சமன்பாடு சரியாக இருந்தும் கணக்கு கெடும் இடங்களில் இதுவே அதிகம் பார்ப்பது. புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் வாய்பாட்டை வாசித்துவிட்டு மோலார் நிறையை எடுங்கள்.

ஒரே வினையைத் திரும்பத் திரும்பக் கணக்கிட வேண்டுமென்றால் நிறை விகிதம் வேகமானது. பியூட்டேனில் 116.24 கிராமுக்கு 416.0 கிராம் ஆக்சிஜன், அதாவது ஒரு கிராமுக்கு 3.58 கிராம். இந்த எண்ணைக் குறித்துவைத்தால் அடுத்த முறை ஒரே பெருக்கல். ஆனால் பொருளின் தூய்மை மாறினாலோ வேறு படிக வடிவம் வந்தாலோ அந்த எண் செல்லாது, அது மாறிவிட்டது என்று எந்த இடத்திலும் அறிகுறியும் தெரியாது.

எல்லாம் வாயுவாக இருந்து, வெப்பநிலையும் அழுத்தமும் ஒன்றாக இருந்தால் குணகங்களே கன அளவு விகிதம்: 2 லிட்டர் பியூட்டேனுக்கு 13 லிட்டர் ஆக்சிஜன், மோலே தேவையில்லை. நீர் ஆவியாக இருந்தால் மட்டும் அதையும் சேர்க்கலாம். குளிர்ந்து திரவமாகிவிட்டால் அதன் கன அளவு கணக்கில் வராது. லிட்டரிலிருந்து மோலுக்குப் போக வேண்டியிருந்தால் எந்த நிலை என்று பாருங்கள். 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்தில் ஒரு மோல் 22.4 லிட்டர், அதே வெப்பநிலையில் 1 பார் அழுத்தத்தில் 22.7, 25 டிகிரி, 1 வளிமண்டல அழுத்தத்தில் 24.5. பழைய நூலின் 22.4 ஐ அறை வெப்பநிலைக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம் பிசகும்.

இரண்டு பொருள்களின் அளவும் கொடுக்கப்பட்டால் எது முதலில் தீரும் என்பதை மோல் வழியில் மட்டுமே நம்பிக்கையோடு சொல்லலாம். 10.0 கிராம் பியூட்டேன், 30.0 கிராம் ஆக்சிஜன். கிராமைப் பார்த்தால் ஆக்சிஜன் மூன்று மடங்கு. மோலைப் பார்த்தாலும் 0.172க்கு 0.938, ஆக்சிஜன்தான் அதிகம். ஒவ்வொன்றையும் அதன் குணகத்தால் வகுங்கள்: 0.172 ÷ 2 = 0.086, 0.938 ÷ 13 = 0.072. சிறியது எதுவோ அதுவே வினையைக் கட்டுப்படுத்துவது. ஆக்சிஜன் முதலில் தீர்கிறது. அதன்படி கார்பன் டைஆக்சைடு 0.577 மோல், 25.4 கிராம்.

அந்த 25.4 கிராமையும் தாளுக்கு வெளியே அப்படியே எடுத்துப்போக முடியாது. ஆக்சிஜன் போதாத சுடரில் பியூட்டேன் ஒரு பங்கு முழுதாக எரிந்து மீதி அப்படியே காத்திருப்பதில்லை. கார்பன் மோனாக்சைடும் புகைக்கரியும் உண்டாகின்றன. 13 ஆக்சிஜன் என்று எழுதிய சமன்பாடு போதுமான ஆக்சிஜனுக்கு எழுதியது. ஆக்சிஜன் குறைந்தால் குணகங்கள் மட்டுமல்ல, வலப்பக்கத்துப் பொருள்களே மாறிவிடுகின்றன. அப்போது மேலே சொன்ன கார்பனின் கதைதான்: பொருள்கள் வரிகளைவிட அதிகம், வாயுக்களை அளந்தே ஆக வேண்டும்.